ஐஸ் கம்பெனி மாடி

அண்ணாகிராமம் பக்கம் பலாத் தோப்புகளில் லோடு ஏற்ற வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அங்கிருந்து கடலூர் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். கூட வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் சில்வர் பீச்சுக்குக் கிளம்புவார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். துணி துவைக்கணும் என்று சொல்லிவிட்டுத் தோப்பிலேயே இருந்துவிடுவேன். கடலூர் என்று பலகை போட்ட பஸ் ரோட்டில் போனால் வேறு பக்கம் பார்ப்பேன்.

அந்த ஊரில் பத்தொன்பது வயதில் ஒருவனைக் காலால் உதைத்தேன். அவன் செத்தானா பிழைத்தானா என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேலாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும், தெரியாமலே செத்துப்போய்விட வேண்டும் என்ற எண்ணமும் மாறி மாறி வரும். இதை எங்கேயும் யாரிடமும் சொன்னதில்லை.

நான் கீரப்பாளையம் பக்கத்துக் கிராமத்தான். ஒன்பதாவது பாதியில் நின்றேன். அம்மா இறந்து, அப்பா இரண்டாவது கல்யாணம் செய்த பிறகு வீட்டில் எனக்குச் சோறு குறைந்துபோனது. யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைக்கவில்லை, நானும்தான். பதினேழு வயதில் கடலூர் ஓ.டி.க்கு, அதாவது பழைய டவுனுக்கு, வந்து ஒரு ஐஸ் கம்பெனியில் சேர்ந்தேன். துறைமுகத்துக்குப் போகும் வழியில் இருந்தது. பாளம் பாளமாக வரும் ஐஸை உடைத்துப் படகுகளுக்கு அனுப்புகிற வேலை. படுக்க இடம் கொடுத்தார்கள்.

அதன் மாடியில் காலியாக ஒரு ஹால். சிதம்பரத்திலிருந்து ஒரு கராத்தே மாஸ்டர் வந்து அதை எடுத்தார். வாரத்தில் மூன்று நாள் காலை இங்கே வகுப்பு, மற்ற மூன்று நாள் சிதம்பரத்தில். ஹாலைக் கூட்டித் துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லி நானும் சேர்ந்துகொண்டேன். கீழே ஐஸ் தொட்டி இருந்ததால் தரை உள்ளங்காலைக் கடிக்கும். அமோனியா வாடை மேலே வரை ஏறும். "இச், நீ, சான், சீ" என்று ஜப்பான் பாஷையில் எண்ணிக்கொண்டு காற்றைக் குத்துவோம். மற்றவர்கள் கடையில் தைத்த வெள்ளை டிரஸ் போட்டிருந்தார்கள். நான் மைதா மூட்டைத் துணியில் பேண்ட் தைத்துக்கொண்டேன். மேலே போட மாஸ்டருடைய பழைய சட்டை.

நன்றாகவே கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். ஐஸ் உடைத்து உடைத்து உடம்பு இறுகியிருந்தது. இடதுகால் எனக்கு வேகம்.

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சண்டை போடும்போது எதிராளி அடிபட்டு விழுந்தால், அடித்தவன் உடனே ஓரத்துக்குப் போய் மண்டிபோட்டு, விழுந்தவனுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. விழுந்து கிடக்கிறவனை அடித்தவன் வேடிக்கை பார்த்தால் அது அவனுக்கு இரண்டாவது அடி என்று மாஸ்டர் சொல்வார். அவர் "திரும்பு" என்று சொன்ன பிறகுதான் திரும்பலாம். நான் பல தடவை அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நிமிஷம் ஆகும், மிஞ்சிப்போனால் இரண்டு. திரும்பினால் அடிபட்டவன் எழுந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். ஒருவருக்கொருவர் குனிந்து கும்பிட்டுக்கொள்வோம்.

பெல்ட் டெஸ்டுக்கு இரண்டு ஊர்க்காரர்களையும் எங்கள் மாடிக்கு வரச் சொன்னார் மாஸ்டர். சிதம்பரம் ஆட்களை எனக்குப் பழக்கமில்லை, பேர் தெரியாது. எனக்கு எதிரே நின்றவன் என் வயதுதான். மெலிந்த உடம்பு. அரும்பு மீசையைக் கறுப்பாகக் காட்ட அதில் ஏதோ தடவியிருந்தான், அது வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் அதைக் கண்டுபிடித்துச் சிரித்தான்.

மூன்றாவது சுற்றில் என் இடதுகால் அவன் தலையில் பக்கவாட்டாக இறங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். தொட்டு நிறுத்துவதுதான் விதி. நான் நிறுத்தவில்லை. வேண்டுமென்றா என்று கேட்டால், இல்லை. வேகம் பிடித்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும். தரையில் அவன் தலை பட்ட சத்தம் கேட்டது.

ஓரத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து மண்டிபோட்டேன். பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். தண்ணி என்றார்கள். பிறகு நிறையக் கால்கள் ஓடின. "தூக்கு, தலையப் புடி" என்று மாஸ்டர் குரல். மாடிப்படியில் இறங்குகிற சத்தம், தெருவில் ஆட்டோ கிளம்புகிற சத்தம். நான் திரும்பவில்லை. எனக்கு எதிரே சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடத்தில் ஒரு பல்லி அசையாமல் இருந்தது. கால் மரத்துப்போனது. எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. திரும்பு என்று சொல்ல வேண்டியவர் ஆட்டோவில் போய்விட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவன் எழுந்தால்தான் திரும்பச் சொல்வார்கள். சொல்லவில்லை என்றால் அவன் எழவில்லை.

கடைசியில் மேலே ஏறி வந்தவர் சிதம்பரம் வகுப்பின் சீனியர். மாஸ்டருக்கு அடுத்தபடி அவர்தான், நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும். அவர் வெள்ளைச் சட்டையில் ரத்தம் பட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்ததா, பயம் வந்ததா, சொல்லத் தெரியவில்லை.

"இன்னும் இங்கதான் ஒக்காந்திருக்கியா? போடா. போய்த் தொலை. இந்தப் பக்கமே வராத."

எழுந்து திரும்பினேன். ஹாலில் யாரும் இல்லை. தரையைத் துடைத்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. கீழே இறங்கினால் ஐஸ் கம்பெனி ஆட்கள் தெருவில் கூடி நின்றார்கள். பின்வாசல் வழியாகப் போனேன். மைதாத்துணிப் பேண்டின் மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, நின்ற முதல் பஸ்ஸில் ஏறினேன். அது சேலம் போகிற பஸ்.

பிறகு நடந்ததை விரிவாக எழுத ஒன்றுமில்லை. சேலத்தில் லாரி கிளீனர். ஹோஸ்பேட்டையில் ஒரு கல் குவாரி. அங்கே இரண்டு விரல் நசுங்கியது. பிவண்டியில் தறி, சூரத்தில் தறி. கொச்சியில் கட்டட வேலை. ஒரு இடத்தில் கால் ஊன்றினால் போலீஸ் வந்து தோளைத் தொடும் என்று முதலில் ஓடினேன். சில வருஷம் கழித்து அந்தப் பயம் போய்விட்டது, ஓடுவது மட்டும் நிற்கவில்லை.

சூரத்தில் சேலத்துப் பெண் ஒருத்தியோடு ஆறு வருஷம் குடித்தனம் இருந்தேன். நான் தூக்கத்தில் "திரும்பட்டுமா, திரும்பட்டுமா" என்று கேட்பதாக அவள் சொன்னாள். யாரிடம் கேட்கிறாய் என்பாள். நான் மழுப்புவேன். சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுக்க மாட்டேன் என்பதையும் அவள்தான் முதலில் கவனித்தாள். உன்னோடு இன்னொரு ஆள் குடியிருக்கிறான், எனக்கு இடம் போதவில்லை என்று சொல்லிவிட்டு ஒருநாள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது தப்பில்லை. நான் தினமும் அவனுக்கு ஏதாவது ஒரு வாழ்க்கையைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் வேலைக்குப் போயிருப்பான், இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். எவ்வளவு கொடுத்தாலும் கடைசியில் அந்த ஈரத் தரைதான் வரும்.

ஆனி மாதம். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டுக்கு ஒரு லோடு. வழக்கமாகப் போகிறவனுக்குக் காய்ச்சல் வந்து, என்னைப் போகச் சொன்னார்கள். துணி துவைக்கணும் என்பது அங்கே செல்லாது. போனேன். ஒன்பது மணிக்குள் இறக்கி முடித்தாகிவிட்டது, வண்டி மறுபடி கிளம்ப மத்தியானம் ஆகும் என்றார் டிரைவர். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவன் ஓ.டி. போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன்.

ஊர் எனக்குப் பிடிபடவில்லை. ஐஸ் கம்பெனி என்று கேட்டால் எந்த ஐஸ் கம்பெனி என்று திருப்பிக் கேட்டார்கள். அங்கே எந்தக் காலத்தைச் சொன்னாலும் சுனாமிக்கு முன்னாடியா பின்னாடியா என்று ஒரு கேள்வி வரும். ரொம்ப முன்னாடி என்றேன். மாடியில் கராத்தே வகுப்பு நடந்த இடம் என்று ஒரு டீக்கடையில் கேட்டபோது, பெஞ்சில் இருந்த இளவட்டம் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னா மாமா, இப்ப கத்துக்கப் போறீங்களா? முட்டி தாங்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். டீக்கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்தாமல், அந்தப் பேய் மாடியையா கேக்குறீங்க என்றார்.

அந்த மாடியில் பேய் இருக்கிறது என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயமாம். கராத்தே மூடிய பிறகு அங்கே யாரும் வாடகைக்கு வரவில்லை. டியூசன் வைக்க ஒருவர் வந்து ஒரே வாரத்தில் காலி செய்துவிட்டார். வலை தைக்கிறவர்கள் பகலில் போவார்கள், பொழுது சாய்ந்தால் இறங்கிவிடுவார்கள். விடியற்காலையில் அங்கிருந்து எண்ணுகிற சத்தம் வரும், காற்றைக் குத்துகிற மாதிரி மூச்சு விடுகிற சத்தம் வரும்.

"மத்த பேயெல்லாம் கொலுசு சத்தம் போடும். இது ஜப்பான்ல எண்ணும் மாமா. படிச்ச பேய்" என்றான் இளவட்டம்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். யார் செத்தது என்று கேட்டேன்.

"கராத்தே படிச்ச பையன்தான். அதுல ஏதோ அடிதடியாயி செத்துட்டான். சின்ன வயசு. அதோட மாஸ்டரும் மூடிட்டுப் போயிட்டாரு" என்றார் டீக்கடைக்காரர்.

இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. நெஞ்சை அடைக்கும், கீழே விழுந்துவிடுவேன் என்றெல்லாம் முன்பு நினைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு பன் வாங்கித் தின்றேன். 

கட்டடத்தைக் காட்டினார்கள். நான் அதை இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன். கீழே இப்போது வலை போட்டுவைக்கும் குடோன். மாடியின் ஓட்டுக்கூரை 'தானே' என்று பேர் வைத்த புயலில் போய்விட்டதாம், சுவர் மட்டும் நாலு பக்கமும் நின்றது. படி ஏறினேன். ஹாலில் எருக்கஞ்செடி இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. நான் உட்கார்ந்த சுவர் எது என்று தெரியவில்லை. நாலு சுவரிலும் சுண்ணாம்பு ஒரே மாதிரி பெயர்ந்திருந்தது. நாலையும் பார்த்து ஒவ்வொரு தடவை நின்றேன். ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருந்தது. திரும்பினால் எருக்கு. தரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் உள்ளங்கால் குளிர்ந்தது.

இறங்கி வந்து டீக்கடைக்காரரிடம் அந்தப் பையன் வீடு எது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சிதம்பரத்திலிருந்து ஒருவர் வந்து இதே மாதிரி அந்த மாடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார், பழைய கராத்தே ஆள், தெற்கு வீதிப் பக்கம் கேஸ் அடுப்பு ரிப்பேர் கடை வைத்திருப்பதாகச் சொன்னார், அவரைப் பிடியுங்கள் என்றார்.

ஒரு வாரம் தோப்பில் வேலை செய்தேன். பழத்தைத் தூக்குவேன், போடுவேன். யார் பேசினாலும் இரண்டாவது தடவை சொல்லச் சொல்வேன். ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்தப் பையனின் வீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது, அம்மாவோ அண்ணன் தம்பியோ யார் இருந்தாலும் அவர்கள் முன்னால் நின்று, உதைத்தது நான்தான் என்று சொல்வது. அதன் பிறகு அவர்கள் என்ன செய்தாலும் சரி. அடித்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது.

சிதம்பரத்தில் இறங்கித் தெற்கு வீதியில் விசாரித்தேன். ஒரு சந்துக்குள் கடை. வாசலில் அடுப்புகள் அடுக்கியிருந்தன. உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து ஒருவர் பர்னரின் ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். தொப்பை விழுந்து, தலை நரைத்திருந்தது. நெற்றியில் இருந்த வெட்டுத் தழும்பை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. போய்த் தொலை என்று சொன்ன சீனியர். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

நான் யார் என்று சொல்லவில்லை. ஓ.டி. ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவன், கராத்தே டெஸ்டில் உதை வாங்கிச் செத்த பையனின் வீட்டைத் தேடுகிறேன் என்றேன். அவர் ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஒத வாங்கினவன் எங்க செத்தான்? யாரு சொன்னது?"

ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள் என்றேன்.

"ஊருல எதத்தான் ஒழுங்கா சொல்றாங்க. அவன் ஆட்டோவுலயே எழுந்து ஒக்காந்துட்டான். மூக்குல ரத்தம், அவ்ளோதான். ஆஸ்பத்திரி வாசல்ல டீ வேணும்னு கேட்டானாம். மாஸ்டர் வாங்கிக் குடுத்திருக்காரு."

"டீ குடிச்சானா?"

"குடிச்சான். ஏங்க, நீங்க ஏன் ஒரு மாரி ஆவுறீங்க? ஒக்காருங்க."

அங்கே இருந்த ஒரு அடுப்பின் மேல் உட்கார்ந்தேன். செத்தது ஒதச்ச பையன் என்றார் அவர். பிறகு நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். ரொம்ப நாள் சொல்லாமல் வைத்திருந்தது போல இருந்தது.

அடித்தவனைச் சுவர்ப்பக்கம் உட்காரவைத்ததை மாஸ்டர் மறந்தே போய்விட்டாராம். இவர் விழுந்தவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு மேலே வந்தபோது அடித்தவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி விரட்டிவிட்டார். சாயங்காலம் மாஸ்டர் திரும்பி வந்து, ஒன்றுமில்லை என்று சொன்னதும் அவனைக் கூப்பிட இவர் கீழே ஐஸ் கம்பெனிக்குப் போனார். ஆள் இல்லை. இரண்டு நாள் தேடினார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முகத்துவாரத்தில் ஒரு பிணம் ஒதுங்கியது. முகம் இல்லை, மீன் தின்றிருந்தது. வயது இருபதுக்குள். மைதா மூட்டைத் துணியில் தைத்த கால்சட்டை.

கீரப்பாளையத்திலிருந்து அவன் அப்பாவை வரச் சொன்னார்கள். அவர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு எட்ட நின்று பார்த்து, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். எடுத்துப் போகக்கூட இல்லை. ஐஸ் கம்பெனிக்காரர்களும் கராத்தே ஆட்களும் சேர்ந்து அங்கேயே புதைத்தார்கள்.

"நான் சொன்ன வார்த்தைக்குத்தான் அவன் போய் உழுந்துட்டான். போய்த் தொலைன்னேன். தொலஞ்சிட்டான்" என்றார். மறுபடி பர்னரை எடுத்துக் குத்த ஆரம்பித்தார்.

நான் அடுப்பிலிருந்து எழுந்தேன்.

"அண்ணே, நான் உழுவல. சேலம் பஸ்ஸுல ஏறிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. குத்திக்கொண்டே இருந்தார். ஒரு ஓட்டை, இன்னொரு ஓட்டை. பிறகு எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார், ஜுரம் பார்க்கிற மாதிரி. விடவில்லை. நசுங்கின விரலைத் திருப்பிப் பார்த்தார். இது குவாரியில் நடந்தது என்றேன், அவர் கேட்காமலே.

"ஒரு கார்டு போட்டா என்னாடா? ஒரு கார்டு. உயிரோட இருக்கேன்னு."

நான் கொலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், கொலை செய்தவன் கார்டு போட மாட்டான் என்றேன்.  அடுப்பு வாங்க வந்த ஒரு அம்மாவை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினார். உதை வாங்கினவன் இதே ஊரில்தான் இருக்கிறான், ரயில்வே ஸ்டேஷன் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறான் என்றார். கூட வரச் சொன்னேன். மாட்டேன் என்றார். உனக்கென்று வெட்டின குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டது அவன்தான், அவனுக்குச் சொல்ல வேண்டியது நீதான் என்றார்.

ஸ்டேஷனுக்கு நடந்து போனேன். பெரிய சுமை இறங்கிவிடும் என்று யாராவது எதிர்பார்ப்பார்கள். எனக்கு அந்த டீயின் மேல்தான் கோபம் வந்தது. அவன் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்த நேரத்தில் நான் சேலம் பஸ்ஸில், யாருக்கும் முகம் தெரியாமல் குனிந்துகொண்டு போயிருக்கிறேன். முப்பது வருஷம் நான் கூட வைத்திருந்த பிணம் யாருடையது என்றும் புரியவில்லை.

ஸ்டாண்டில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேஜை. மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், மீசை இல்லை. வண்டி வைக்கிறவர்களுக்கு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். மயிலாடுதுறை வண்டிக்குப் போகிற கூட்டம் குறையும் வரை நின்றேன். பிறகு கிட்டே போய், ஐஸ் கம்பெனி மாடியில் உங்களை உதைத்தவன் நான் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தக் கால்?"

"எடது."

வலது பொட்டுக்கு மேலே அவர் கை தானாகப் போனது. என் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் முகத்தைப் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டிக்காரர் டோக்கன் கேட்டார், கேட்டது அவருக்குக் காதில் விழவில்லை. நான் கிழித்துக் கொடுத்தேன்.

"மீசைக்கு என்னா தடவியிருந்தீங்க அன்னைக்கு?" என்று கேட்டேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை.

"எங்க அக்காவோட மை" என்றார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார்.

நான் சொன்னதை எல்லாம் கேட்டார். சேலம், ஹோஸ்பேட்டை, சூரத். அவர் பக்கத்தில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது என் பேரும் வேலையும் அந்த மூன்று சுற்றுச் சண்டையும்தான். தான் விழாமல் இருந்திருந்தால் ஒருத்தன் சாகாமல் இருந்திருப்பான் என்று அவருக்குள் ஏறிக்கொண்டது. இன்னும் ஒரு விஷயம் இருந்தது, அதை அவர் மனைவியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. படியில் தூக்கிக்கொண்டு இறங்கும்போதே அவருக்கு நினைவு வந்துவிட்டது. கண்ணைத் திறக்க வெட்கமாக இருந்தது. கடலூர்க்காரன் ஒரே உதையில் சாய்த்துவிட்டான் என்று அத்தனை பேரும் பார்த்தார்களே என்று மூடியே வைத்திருந்தார். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகுதான் திறந்தார்.

"அங்கியே தொறந்திருந்தன்னா மாஸ்டர் மேல வந்து ஒன்ன எழுப்பியிருப்பாரு" என்றார். அப்போதிருந்து நீ, வா என்றுதான் பேசினார்.

 வண்டிகள் வந்தன, போயின. அவர் திடீரென்று கையில் இருந்த டோக்கன் புத்தகத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்க பொதச்சது யார?"

தெரியாது என்றேன். மைதா மூட்டைத் துணியில் கால்சட்டை தைத்துப் போடுகிறவர்கள் அந்த நாளில் படகு வேலையில் நிறையப் பேர் இருந்தார்கள். காரைக்காலோ, நாகப்பட்டினமோ, எந்தக் கரையில் விழுந்து இங்கே ஒதுங்கினானோ. அவனை யாரோ தேடியிருப்பார்கள். எங்கேயும் கிடைக்காமல், எங்காவது பிழைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தும் இருப்பார்கள். இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எனக்குப் படையல் போடுவார்களாம். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து அவர் மனைவிக்கும் அது பழக்கம். கூழும் கருவாட்டுக் குழம்பும் வைத்து ஒரு இலை. துறைமுகத்தில் வேலை செய்த ஆளாயிற்றே, அதுதான் பிடித்திருக்கும் என்று அவர்களாக முடிவு செய்தது.

இந்த வருஷம் நிறுத்திவிடுவதுதானே என்றேன். அவர் யோசித்தார்.

"எப்பிடி நிறுத்துறது? யாரா இருந்தாலும் இத்தன வருஷமா எங்க வூட்லதான சாப்புடுறான். நீயும் வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சிதம்பரத்தை ஒட்டிய ஒரு நகரில் சின்ன வீடு, சிமெண்டு ஷீட் போட்டது. அவர் மனைவிக்கு என் முன்னால் வரவே தயக்கம். கும்பிட்ட ஒரு ஆள் உயிரோடு வாசலில் செருப்பைக் கழற்றினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். குழம்பைத் தாளித்துவிட்டு வந்து, தலையைக் குனிந்துகொண்டு, வருஷா வருஷம் வைக்கிறேனே, உங்களுக்கு இது பிடிக்கும்தானே அண்ணா என்று கேட்டார்.

எனக்குக் கருவாடு சின்ன வயதிலிருந்தே ஆகாது. வாசனை பட்டாலே குமட்டும். ஐஸ் கம்பெனியில் இருந்த இரண்டு வருஷமும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் துறைமுகத்தைத் தாண்டிப் போவேன்.

"அவனுக்குப் புடிக்கும்மா" என்றேன்.

இலை போட்டு, கூழ் ஊற்றி, குழம்பு வைத்து, கற்பூரம் ஏற்றினார்கள். வழக்கமாக இந்த இடத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அவர் வாயைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தார். சொல்ல ஒரு பேர் இல்லை. கற்பூரம் அணைகிற வரைக்கும் மூன்று பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.